‘ஓம்’ வேறு, ‘யெஸ்’ வேறு

பேச்சு ஆங்கிலம் படிப்பிக்கும் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் நடுப்பக்கங்களில் ஓர் அட்டவணை இருக்கும். ஒரு பக்கம் உடன்படுவதற்கான தொடர்கள்: ‘ஐ அக்ரீ வித் யூ’, ‘ஐ குட்ன்ட் அக்ரீ மோர்’, ‘யூ ஆர் அப்சொலூட்லி ரைட்’. மறுபக்கம் மறுப்பதற்கான தொடர்கள்: ‘ஐ ஆம் அஃப்ரெய்ட் ஐ டிஸ்அக்ரீ’, ‘ஐ ஸீ யுவர் பாயிண்ட், பட்’, ‘வித் டியூ ரெஸ்பெக்ட்’. கொழும்பில் அச்சான புத்தகத்திலும் உண்டு, சென்னையில் அச்சானதிலும் உண்டு, லண்டனில் அச்சானதிலும் உண்டு. திருகோணமலையில் மாலை வகுப்பு எடுக்கும் நானும் பல வருடங்களாக இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பிள்ளைகளை ஒருமித்துச் சொல்ல வைத்திருக்கிறேன். பணிவாக உடன்படவும் பணிவாக மறுக்கவும் இந்த அட்டவணை ஒருவரை உண்மையிலேயே ஆயத்தப்படுத்துகிறதா என்பதை இங்கே எடைபோட வேண்டியிருக்கிறது. அதற்குக் காரணம் ஒரு பையன்.

என்னிடம் படித்தவன். நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்தான். தகப்பன் படகோட்டி. அட்டவணை முழுவதும் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். மார்கழி மாதத்து மாலை ஒன்றில் அங்கே தங்கியிருந்த வெளிநாட்டுத் தம்பதி, நாளைக் காலை புறாத்தீவுக்குப் படகு ஒழுங்கு செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். ‘யெஸ் சேர்.’ எட்டு மணிக்குப் புறப்படலாமா? ‘யெஸ் சேர்.’ பவளப்பாறை பார்க்கக் கண்ணாடி, குழாய் எல்லாம் கிடைக்குமா? ‘யெஸ் மேடம்.’

மார்கழியில் வடகீழ்ப் பருவக்காற்று கிழக்குக் கரையை எப்படி அடிக்கும் என்பது இந்தக் கடற்கரையில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். புறாத்தீவுக்குச் சுற்றுலாப் படகு ஓடும் காலம் சித்திரை, வைகாசிக்குப் பிறகு. படகோட்டியின் மகனுக்கு இது தெரியாமலா இருக்கும்? காலையில் அவர்கள் துவாயும் பையுமாக வந்து நின்றார்கள். படகு இல்லை. மனேஜர் எல்லாருக்கும் முன்னால் அவனை ஏசினார். பிறகு வகுப்புப் பக்கம் வந்தபோது, “ஏன் தம்பி ஓமெண்டு சொன்னனீ?” என்று கேட்டேன். “அவர் கதைக்கேக்க நான் ஓம் ஓமெண்டு கேட்டுக்கொண்டு நிண்டனான் மிஸ். பாத்துச் சொல்லுவம் எண்டுதான் நினைச்சன்” என்றான்.

இந்தப் பதிலைப் பல நாள் மனதில் போட்டு உருட்டினேன். அவன் பொய் சொல்லவில்லை. தமிழில் உம் கொட்டுகிற மாதிரி ஆங்கிலத்தில் ‘யெஸ்’ கொட்டியிருக்கிறான். நம்முடைய ‘ஓம்’ மூன்று வேலை பார்க்கும் சொல். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கும் ஓம், விளங்குகிறது என்பதற்கும் ஓம், சம்மதம் என்பதற்கும் ஓம். தொலைபேசியில் மாமி ஒரு கலியாணப் பேச்சைப் பத்து நிமிடம் விரித்துச் சொல்லும்போது இந்தப் பக்கத்திலிருந்து “ஓம்… ஓம்… ஓமோம்” என்று போய்க்கொண்டே இருக்கும். கடைசியில், “அது சரிவராது மாமி.” மாமி திடுக்கிடமாட்டார். இத்தனை ஓமும் காதுக்கு உரியவை, வாக்குக்கு உரியவை அல்ல என்று அவருக்குத் தெரியும். ஆங்கிலத்தில் ஒருவர் ஒன்றைக் கேட்கும்போது சொல்லும் ‘யெஸ்’ வாக்காகிவிடும். கேட்டுக்கொண்டிருப்பதைக் காட்ட அவர்களிடம் ‘ஐ ஸீ’ உண்டு, ‘ரைட்’ உண்டு, தொண்டைக்குள்ளேயே முடிகிற ‘ம்ம்’ உண்டு. நம் அட்டவணையில் இந்த வேறுபாட்டுக்கு ஒரு வரி இல்லை.

இந்த ஊரில் அந்த வேறுபாடு ஒருகாலத்தில் தினமும் காதில் விழுந்திருக்கும். 1957 வரை திருகோணமலைத் துறைமுகம் பிரித்தானியக் கடற்படையின் தளம். அந்தக் கடற்படையில் ஒரு கேள்விக்கு ஆம் என்று பதில் சொல்வது ஒன்று, ஒரு கட்டளைக்கு ‘அய் அய் சேர்’ என்பது வேறொன்று. பின்னதற்குப் பொருள், சொன்னது விளங்கியது, செய்து முடிக்கிறேன் என்பது. கப்பலில் இந்த இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது என்பதால் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் பிறந்து ஆங்கிலமே பேசி வளர்ந்தவர்களுக்கே அப்படி ஓர் ஏற்பாடு தேவைப்பட்டிருக்கிறது. வேறொரு மொழியிலிருந்து அதற்குள் வருகிறவருக்கு எவ்வளவு தேவைப்படும்?

ஓமுக்குள் இன்னொரு குழியும் உண்டு. “நீங்க இன்னும் சாப்பிடேல்லத்தானே?” என்று கேட்டால், சாப்பிடாதவர் “ஓம்” என்பார். கேட்டவர் சொன்னது சரி என்பது அந்த ஓமின் பொருள். ஜப்பானியரும் இப்படித்தான் பதில் சொல்வார்கள். ஆங்கிலத்தில் அதே கேள்விக்கு ‘யெஸ்’ என்றால் சாப்பிட்டாயிற்று என்று பொருள். சாப்பாட்டு விஷயத்தில் இதனால் வருவது ஒரு கோப்பை தேநீரின் நஷ்டம். சீனன்குடாவில் எண்ணெய் இறக்கும் இடத்தில், ‘வால்வை இன்னும் மூடவில்லையா?’ என்று ஆங்கிலத்தில் கேட்கும் ஒருவருக்கு ‘யெஸ்’ என்று பதில் வந்தால் என்னவாகும் என்பதை வாசகரே யோசித்துப் பார்க்கலாம். உடன்பாட்டையும் மறுப்பையும் படிப்பிக்கும் பாடம் இந்த இடத்தில்தான் தொடங்க வேண்டும். நம் பாடம் ‘ஐ அக்ரீ’யில் தொடங்குகிறது.

அட்டவணை ஆங்கிலத்தையாவது சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்போம். அமெரிக்க ஆய்வாளர் அனிட்டா பொமரன்ட்ஸ் 1984இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று இத்துறையில் இன்றுவரை பேசப்படுவது. ஒலிப்பதிவு செய்த இயல்பான உரையாடல்களை எடுத்து, ஒருவர் ஒன்றைப் பற்றி அபிப்பிராயம் சொன்னதும் மற்றவர் எப்படி உடன்படுகிறார், எப்படி மறுக்கிறார் என்பதை அவர் அலசினார். உடன்பாடு சட்டென்று வருகிறது. முதல் சொல்லைவிட ஒரு படி கூடிய சொல்லோடு வருகிறது. நல்லது என்றால் அருமை என்று, அழகு என்றால் அற்புதம் என்று. மறுப்பு சுணங்கி வருகிறது. ஒரு சின்ன இடைவெளி, ‘வெல்’ என்ற ஓர் இழுவை, அரைகுறையாக ஓர் உடன்பாடு, அதன் பிறகுதான் விஷயம். ஒருவர் தன்னைத்தானே குறைத்துப் பேசினால் மட்டும் இந்த ஒழுங்கு தலைகீழாகும். ‘என் ஆங்கிலம் மோசம்’ என்று ஒருவர் சொன்னால் சுணங்காமல் மறுப்பதே மரியாதை.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் அட்டவணையின் முதல் பத்தி பெரும்பாலும் தேவையற்றது. உப்புவெளிக் கரையில் நின்று, ‘கடல் எவ்வளவு அழகு’ என்று சொல்லும் ஒருவருக்கு ‘ஐ அக்ரீ வித் யூ’ என்று பதில் சொன்னால், அது மாவட்ட அபிவிருத்திக் கூட்டத்தில் கை தூக்குவது போலிருக்கும். தமிழில் நாமும் அப்படிச் செய்வதில்லை. “நல்ல காத்து” என்று ஒருவர் சொன்னால் “நல்ல காத்தோ! அந்த மாதிரிக் காத்து” என்கிறோம். ஒரு படி கூட்டித்தான் ஆமோதிக்கிறோம். பிள்ளைக்கு ஏற்கெனவே கைவந்த பழக்கம் அது. அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக இரண்டு மூன்று பண்புச்சொற்கள் போதும். ‘ஐ குட்ன்ட் அக்ரீ மோர்’ என்பதோ இன்னும் மோசம். அதில் இருக்கும் எதிர்மறையைப் பார்த்துவிட்டு, அதை மறுப்புத் தொடர் என்றே எடுத்துக்கொண்ட பிள்ளைகள் என் வகுப்பில் வருடத்துக்கு வருடம் இருந்திருக்கிறார்கள். ‘வித் டியூ ரெஸ்பெக்ட்’ என்பதை மரியாதைத் தொடர் என்று படிப்பிக்கிறோம். அடுத்து ஒரு குத்து வரப்போகிறது என்பதற்கான அடையாளமாகவே ஆங்கிலேயர் பலரும் அதைக் கேட்பார்கள். ஓர் இளைஞர் தன் மேலாளரிடம் இதைச் சொல்லித் தொடங்கினால், பணிவு காட்டியதாக நினைத்துச் சண்டைக்கு நின்றவராகிவிடுவார்.

தொனியையும் நேரத்தையும் ஓர் அட்டவணையில் அச்சிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அட்டவணையின் பெரிய குறை அதைவிட ஆழத்தில் இருக்கிறது. அது சமமான இருவர் ஓய்வாக உட்கார்ந்து கருத்துப் பரிமாறும் ஓர் உலகத்தைக் கற்பனை செய்கிறது. பயிற்சிக்குத் தரும் தலைப்புகளைப் பாருங்கள்: பாடசாலைக்குக் கைத்தொலைபேசி வேண்டுமா, நகர வாழ்க்கை சிறந்ததா கிராம வாழ்க்கை சிறந்ததா. திருகோணமலையில் ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் கருத்துப் பரிமாறும் தருணம் எத்தனை? அவர் ஆங்கிலம் பேசுவது பெரும்பாலும் மேல்நோக்கி. விருந்தினரிடம், மேலாளரிடம், அதிகாரியிடம், கப்பல் கப்டனிடம். அங்கே யாரும் அவருடைய அபிப்பிராயத்தைக் கேட்பதில்லை. ஒரு காரியத்தைக் கேட்கிறார்கள், ஒரு தகவலைக் கேட்கிறார்கள், ஓர் உத்தரவை இடுகிறார்கள். புறாத்தீவுக்குப் படகு கேட்ட கணவனிடம் ‘ஐ டிஸ்அக்ரீ’ என்று எப்படிச் சொல்வது? அட்டவணை முழுவதும் மனப்பாடமாக இருந்தும் அந்தப் பையனுக்கு அதில் எடுத்துச் சொல்ல ஒரு தொடரும் இருக்கவில்லை.

பணிவைப் பற்றிய ஆய்வில் உலகமெங்கும் மேற்கோள் காட்டப்படும் நூல் பெனலப்பி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் எழுதியது. 1978இல் நீண்ட கட்டுரையாக வந்து 1987இல் தனி நூலானது. அதன் தரவுகள் மூன்று மொழிகளிலிருந்து எடுக்கப்பட்டவை: ஆங்கிலம், மெக்சிக்கோவின் மாயா மொழிகளில் ஒன்றான செல்தால், தமிழ். தமிழ்த் தரவு கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து போனது. நம் ஊர்ப்புறத்தார் ஒருவரிடம் ஒருவர் உதவி கேட்ட விதமும் மறுத்த விதமும் உலகப் பணிவுக் கோட்பாட்டின் மூன்று கால்களில் ஒன்று என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த நூல் சொல்வது: ஒரு பேச்சு எவ்வளவு பணிவோடு வர வேண்டும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன. யாருக்கு அதிகாரம் அதிகம், இருவருக்கும் எவ்வளவு நெருக்கம், கேட்கிற காரியம் எவ்வளவு பெரியது. நம் அட்டவணையில் இந்த மூன்றில் ஒன்றும் இல்லை. நண்பனிடமும் நீதவானிடமும் ஒரே வரியைச் சொல்லச் சொல்கிறது.

எனக்கு அந்த நூலோடும் ஒரு பிணக்கு உண்டு. மறுப்பை முகத்துக்கு, அதாவது ஒருவரின் மானத்துக்கு, வரும் ஆபத்தாகவே அது பார்க்கிறது. ஆகவே அதை எப்படித் தவிர்ப்பது, எப்படிப் பூசி மெழுகுவது என்பதிலேயே அதன் கவனம் நிற்கிறது. ஒளித்து வைத்த மறுப்பு மறுநாள் காலை ஹோட்டல் வாசலில் இன்னும் பெரிய முகமுறிவாக வந்து நிற்கும் என்பதற்கு அங்கே உரிய இடம் இல்லை.

பையன் ஏன் ‘யெஸ்’ என்றான் என்பதற்கு ‘ஓம்’ பழக்கம் பாதிக் காரணம். மீதிப் பாதி இன்னும் எளிமையானது. ‘யெஸ் சேர்’ என்பதில் இலக்கணப் பிழை விட முடியாது. மறுக்க வேண்டுமென்றால் வாக்கியம் வேண்டும். வாக்கியம் என்றால் காலம், எழுவாய், முன்னிடைச்சொல் என்று நாலு இடத்தில் சறுக்கலாம். இந்த நாட்டில் ஆங்கிலத்தில் சறுக்குவது சின்ன விஷயமல்ல. சிங்கள இளைஞர்கள் ஆங்கிலத்தை ‘கடுவ’, அதாவது வாள் என்று சொல்வதை வைத்துத் திரு கந்தையா 1984இல் ஒரு கட்டுரை எழுதினார். வெட்டுவதற்கும் விலக்கி வைப்பதற்கும் பயன்படும் ஆயுதமாக அந்த மொழி அவர்கள் கண்ணில் தெரிந்தது. சுரேஷ் கனகராஜா 1999இல் வெளியிட்ட நூலில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்களின் ஆங்கில வகுப்பை ஆராய்ந்தார். அமெரிக்கப் பாடப்புத்தகம் ஒன்றின் ஓரங்களில் அவர்கள் கிறுக்கி வைத்திருந்தவற்றை அவர் கூர்ந்து பார்த்தார். வகுப்பில் வாய்விட்டு வராத மறுப்பெல்லாம் அந்த ஓரங்களில் தமிழாகவும் படமாகவும் இருந்தது. என் வகுப்பிலும் அதுதான் நிலை. சம்மதம் என்பது பல நேரங்களில் ஆங்கிலம் போதாதவர் ஒளிந்துகொள்ளும் இடம். அப்படிப்பட்டவரிடம், பயத்தைக் கூட்டும் நீளமான மறுப்புத் தொடர்களையே நாம் நீட்டுகிறோம். ‘ஐ ஆம் அஃப்ரெய்ட் ஐ ஹாவ் டு டிஸ்அக்ரீ வித் யூ ஆன் தட்’ என்பதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் பத்து முறை செத்துப் பிழைப்பார். ‘நோ போட்ஸ் டுமாரோ, சேர். த ஸீ இஸ் ரஃப்’ என்பது அவருக்கு முடியும்.

மறுக்கத் தெரியாதவர்களா நாம்? பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலில் விடை எட்டு வகை என்று ஒரு பகுப்பு இருக்கிறது. பாடசாலையில் பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்துபோகிற பகுதி. என்னைக் கேட்டால் பேச்சு ஆங்கில வகுப்பின் முதல் பாடமாக வைக்கத் தக்கது அது. சுட்டிக் காட்டுவது ஒன்றை விட்டால், வெளிப்படையாக உடன்படுவது நேர், வெளிப்படையாக மறுப்பது மறை. மிச்சமுள்ள ஐந்தும் நேரடியாகச் சொல்லாமலே விடையைத் தருபவை. பையனின் தகப்பனிடம் போய் “நாளைக்குப் புறாத்தீவுக்குப் படகு வருமோ அண்ணை?” என்று கேட்டுப் பாருங்கள். “வராது” என்றால் அது மறை. “ரெண்டு நாளாக் கடல் குழம்பிப்போய்க் கிடக்கு” என்றால் உற்றது உரைத்தல். “போனா மறிச்சு விழுத்திப்போடும்” என்றால் உறுவது கூறல். “இந்த மாசத்தில ஆர் படகு இறக்கினது?” என்று திருப்பிக் கேட்டால் வினாவுக்கு வினா. “வேணுமெண்டா நீ கொண்டுபோ” என்று எரிந்து விழுந்தால் ஏவல். “கன்னியாவுக்கு வேணுமெண்டாக் கூட்டிக்கொண்டு போறன்” என்றால் இனமொழி.

இந்த ஐந்தையும் தரம் பிரித்துப் பார்ப்பது பயனுள்ள வேலை. ஏவலும் எதிர்வினாவும் தமிழில் உரிமையுள்ளவர்களிடையே செல்லும். ஆங்கிலத்தில் விருந்தினரிடம் சொன்னால் முகத்தில் அறைந்த மாதிரி. உற்றதும் உறுவதும் காரணம் சொல்லும் வகைகள். தமிழில் காரணம் மட்டுமே போதும். கடல் குழம்பிக் கிடக்கிறது என்றால் படகு இல்லை என்பது கேட்பவருக்குத் தானாக விளங்கும். ஆங்கிலத்தில் விருந்தினர் ‘அப்படியா, கடல் பொங்கினாலும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும்’ என்று மேலும் ஆவலோடு கேட்கக்கூடும். அங்கே மறையும் காரணமும் சேர்ந்தே வர வேண்டும். இனமொழிதான் முத்து. கேட்டது இல்லை, அதற்கு இனமான வேறொன்று உண்டு. புறாத்தீவு இல்லை, கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன, கோணேசர் கோயில் இருக்கிறது, சுவாமி மலையில் நின்று கடலைப் பார்க்கலாம். உலகத்தின் எந்த ஹோட்டல் பயிற்சியும் இதைவிட நல்ல மறுப்பை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர முடியாது. அது அவர்கள் இலக்கணத்தில் எழுநூறு வருடத்துக்கும் மேலாக இருக்கிறது. அவர்கள் வீட்டு முற்றத்தில் இன்றைக்கும் இருக்கிறது.

இப்போது துறைமுகத்துக்கு வருவோம். சீனன்குடா மா ஆலைக்குக் கோதுமைக் கப்பல் வருகிறது. சீமெந்து ஆலைக்கும் எண்ணெய்த் தாங்கிகளுக்கும் சரக்குக் கப்பல்கள் வருகின்றன. கப்பலில் இருப்பவர்கள் பல நாட்டவர். அவர்களும் கரையில் இருப்பவர்களும் பேசுவது ஆங்கிலம்; பெரும்பாலும் இரு தரப்புக்கும் தாய்மொழி அல்லாத ஆங்கிலம். இந்த நிலைமைக்காகவே சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001 நவம்பரில் ஒரு தொடர்த் தொகுதியை ஏற்றுக்கொண்டது. அதில் என் கண்ணை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. ‘மே’, ‘மைட்’, ‘ஷுட்’, ‘குட்’, ‘கேன்’ ஆகிய சொற்கள் இரு பொருள் படக்கூடியவை, தவிர்க்கவும் என்கிறது அது. வகுப்பறையில் பணிவின் உயிர்நாடி என்று நாம் படிப்பிக்கும் அதே சொற்கள். அறிவுரையா, எச்சரிக்கையா, கேள்வியா என்பதை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு விஷயத்தைச் சொல்லலாம். பதில் சொல்லும்போது ஆம், இல்லை என்பதோடு நிறுத்தாமல் கேட்ட வாக்கியத்தையே முழுமையாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஓர் அறிவுறுத்தல் வந்தால், செய்வேன் அல்லது செய்ய முடியாது என்று தொடங்கி, எதை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பணிவு ஆளைக் கொன்ற கதையும் உண்டு. 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவிலிருந்து நியூயோர்க் வந்த அவியங்கா 52 விமானம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வானில் காக்க வைக்கப்பட்டது. எரிபொருள் குறைகிறது என்று விமானிகள் சொன்னார்கள். அவசர நிலை என்ற சொல்லை மட்டும் சொல்லவே இல்லை. முதல் இறக்கம் தவறிய பிறகு, கட்டுப்பாட்டாளர் சொன்ன வழிக்கு எரிபொருள் போதுமா என்று கேட்கப்பட்டபோதும் துணை விமானி ஒப்புக்கொண்டு நன்றி சொன்னார். விமானம் விழுந்து 73 பேர் இறந்தார்கள். அந்த ஒப்புதலைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ‘யெஸ் சேர்’தான் காதில் விழுகிறது.

அப்படியானால் எல்லாருக்கும் துறைமுக ஆங்கிலத்தையே படிப்பித்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். அது சரிவராது. விருந்தினரிடம் ‘எச்சரிக்கை. படகு இல்லை’ என்று சொல்ல முடியாது. தேநீர் மேசையில் ‘மே’யும் ‘குட்’டும் இல்லாத ஆங்கிலம் வறண்டு போன ரொட்டி போலிருக்கும். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. நமது ‘முடியாது’ என்ற தொனியிலேயே ‘நோ’ சொன்னால், நாம் நினைத்ததைவிடக் கடுமையாக அது கேட்கும். அட்டவணைக்காக வாதிடுபவர்கள் சுட்டுவது இதைத்தான்: மெத்தை போட்டுத் தருவதற்கு ஆயத்தத் தொடர்கள் வேண்டும், புதிதாகப் படிப்பவருக்குக் கைப்பிடி வேண்டும். வாதத்தில் நியாயம் இருக்கிறது. நானும் ‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’ என்பதைக் கைவிடச் சொல்லமாட்டேன். குறுகியது, எங்கும் பொருந்துவது, எந்த மறுப்புக்கும் முன்னால் வைக்கலாம். ‘ஐ ஸீ’ வேண்டும், ஓமின் முதல் இரண்டு வேலைகளுக்கும் அது போதும். ‘வெல்’ வேண்டும், மூச்சு வாங்க இடம் தரும். இவை மூன்றும் ஒரு கைக்குள் அடங்கும். மற்ற முப்பதையும் வாசிக்கும்போதோ படம் பார்க்கும்போதோ பிள்ளை தானாக அறிந்துகொள்ளும்.

துறைமுகத்திலிருந்து எல்லா இடத்துக்கும் எடுத்துக்கொள்ளத் தக்கது ஒன்றுதான்: ஆம், இல்லை என்பதோடு நிற்காமல் விஷயத்தை முழு வாக்கியமாகத் திருப்பிச் சொல்லும் பழக்கம். ‘நோ, ஐ ஹாவ்ன்ட் ஈட்டன்.’ ‘யெஸ், ஐ க்ளோஸ்ட் இட்.’ நம் ஓமின் இரண்டு குழிகளையும் இது ஒரே அடியில் மூடிவிடுகிறது. வாக்கியம் சொன்னால் பொருள் தடுமாறாது. சொல்கிற வாயும் யோசித்துத்தான் சொல்லும். ‘யெஸ், த போட் வில் கம் அட் எய்ட்’ என்று முழுதாகச் சொல்ல வேண்டியிருந்திருந்தால் அந்தப் பையனின் நாக்கு மார்கழியில் நின்றிருக்கும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஹோட்டலும் கப்பலும் மட்டும் காரணமில்லை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கியபோது ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் பெருந்தொகையாக ஒன்றாக வாழும் இந்த மாவட்டத்தில் அந்த இணைப்பு கூட்ட அறைகளில்தான் நடக்கிறது. எனக்குத் தெரிந்த மீனவர் சங்கச் செயலாளர் ஒருவர் இறங்குதுறை பற்றிய கூட்டம் ஒன்றுக்குப் போனார். காட்டிய இடம் பிழை, அங்கே மணல் மூடும் என்று அவருக்குத் தெரியும். ஆட்சேபம் உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். அவர் தலையை அசைத்தார். அந்த அசைவு நமக்கு ‘யோசிக்க வேண்டிய விஷயம்’; கூட்டக் குறிப்பில் அது ஏகமனதான சம்மதம் ஆயிற்று. தமிழில் பேசும் உரிமை அவருக்குச் சட்டப்படி இருந்தது, மொழிபெயர்ப்பாளர் இருக்கவில்லை. அவருக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது ஏழு சொல் ஆங்கிலம். ‘நோ, சேர். சாண்ட் வில் குளோஸ் தட் பிளேஸ்.’ அதில் இலக்கணம் கொஞ்சம் கோணலாக இருந்தால்தான் என்ன? மரியாதைக்கு ‘சேர்’ இருக்கிறது, மறுப்புக்கு ‘நோ’ இருக்கிறது, காரணம் இருக்கிறது. பிரவுனும் லெவின்சனும் கேட்டிருந்தாலும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

ஆகவே என் தீர்ப்பு இது. உடன்பாட்டு, மறுப்புத் தொடர்களின் அட்டவணை பாடமாக இருக்கத் தகுதியற்றது. புத்தகத்தின் பின்னிணைப்பாக இருந்துவிட்டுப் போகட்டும். அது தொடங்கும் இடமும் பிழை, கற்பனை செய்யும் ஆட்களும் பிழை. பயந்த பிள்ளையிடம் நீளமான வாக்கியத்தைக் கொடுத்து அவரை மறுபடியும் ‘யெஸ்’ஸுக்குள்ளேயே தள்ளுகிறது. அதன் இடத்தில் வர வேண்டியது ஓமைப் பிரித்துக் காட்டும் பாடம், முழு வாக்கியப் பதில், காரணத்தோடு சேர்ந்த மறை, அதைத் தொடரும் இனமொழி. மெத்தை அதற்குப் பிறகு போடலாம்.

நான் இந்தத் தவணையிலிருந்து அப்படித்தான் தொடங்குகிறேன். முதல் நாள் ஒவ்வொருவரிடமும், ‘நீங்கள் இன்னும் தேநீர் குடிக்கவில்லையா?’ என்று ஆங்கிலத்தில் கேட்கிறேன். சரியான பதில் வரும்வரை அடுத்த பாடத்துக்குப் போவதில்லை. போன கிழமை இருபத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர் ‘யெஸ் மிஸ்’ என்றார்கள். இன்னும் தேநீர் வந்திருக்கவில்லை. கிழக்குக் கரையில் ஆங்கிலம் படிப்பிக்கும் மற்ற ஆசிரியர்களும் நாளைக்கு இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு, அட்டவணையை எழுதுவதா வேண்டாமா என்று முடிவெடுங்கள்.